ஐம்பது காசும் சுப்ரீம் கோர்ட்டும்

கர்நாடகாவில் ஒரு கண்டக்டர். டிக்கெட் விலை ரெண்டேகால் ரூபாய். அவர் காசை ரெண்டேகாலாகவே வாங்கிக்கொண்டு, கையில் கொடுத்தது ஒண்ணேமுக்கால் ரூபாய் டிக்கெட். இப்படி 35 பயணிகள். வழியில் செக்கிங் ஏறி மாட்டிக்கொண்டார். ஆளுக்கு 50 காசு, 35 பேருக்குக் கணக்குப் போட்டால் பதினேழரை ரூபாய். வேலை போச்சு.

அந்தப் பதினேழரை ரூபாய் லேபர் கோர்ட், ஐகோர்ட் என்று படியேறி, 2001-ல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாக வந்து நின்றது. இரண்டு பக்க வக்கீல் பீஸையும் கூட்டிப் பார்த்தால் புதுசா ஒரு பஸ்ஸே வாங்கியிருக்கலாமோ என்னவோ!

பொட்டி தட்டிப் பிழைக்கிற பயலுக்கு எதுக்குடா லேபர் கேஸ் என்று கேட்பீர்கள். ஊர் ஆடலூர். திண்டுக்கல்லில் இருந்து கன்னிவாடி, தர்மத்துப்பட்டி தாண்டி மலையேறினால் பன்றிமலை, ஆடலூர் என்று கீழ்ப்பழனி மலையில் காபி, மிளகு, வாழை மணக்கிற ஊர்கள். எங்களுக்கு பஸ்தான் எல்லாம். காபி மூட்டை, கல்யாணச் சாமான், ஆஸ்பத்திரிக்குப் போற பாட்டி எல்லாம் ஒரே பஸ்ஸில்தான் இறங்கும். பெரியப்பா ஒருத்தர் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பொங்கலுக்குப் போனால் அவர் பேச்சில் பாதி 'ஸ்டேஜ்' பத்தியும், மீதி 'செக்கிங்' பத்தியும்தான் இருக்கும். அவர் சொன்ன கதைகளைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்தில் படித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், மன்னிச்சுக்கோங்க மக்களே.

முதலில் தொழில் நுணுக்கம். ஒவ்வொரு ஸ்டேஜ் வரும்போதும் கண்டக்டர் அதுவரை கிழித்த டிக்கெட் நம்பரைக் கணக்குத் தாளில் ஏற்ற வேண்டும். இதுதான் ஸ்டேஜ் குளோஸ் பண்ணுவது. செக்கர் ஏறியதும் முதலில் பிடுங்கிப் பார்ப்பது அந்தத் தாளைத்தான். அப்புறம் பையில் இருக்கிற காசு, அப்புறம் பயணிகள் கையில் இருக்கிற டிக்கெட். மூணும் ஒத்துப்போகணும். "மலை ரோட்ல ஒரு கையில கம்பியப் புடிச்சுக்கிட்டு, ஒரு கையில மூட்டைய நகத்திக்கிட்டு, எதுத்தாப்ல வர்ற லாரிக்கு விசில் குடுத்துக்கிட்டு ஸ்டேஜ் குளோஸ் பண்ணிப் பாரு தம்பி, அப்பத் தெரியும்" என்பார் பெரியப்பா. காசு கூடினாலும் குற்றம், குறைஞ்சாலும் குற்றம். திருடினவனுக்கும் தடுமாறினவனுக்கும் பையில் இருக்கிற காசு ஒரே மாதிரிதான் தெரியும். இந்த வழக்குகளின் மொத்தச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1947-க்கு முன்னால் கதை சுருக்கம். முதலாளி போடான்னா போகணும். ஒப்பந்தத்தை மீறி அனுப்பினார் என்று நிரூபித்தால் கொஞ்சம் நஷ்ட ஈடு கிடைக்கும், வேலை திரும்பக் கிடைக்காது. ஒருத்தனுக்கு வேலை கொடுக்கச் சொல்லி இன்னொருத்தனை கோர்ட் கட்டாயப்படுத்தாது என்பது இங்கிலாந்தில் இருந்து வந்த சட்ட வழக்கம். தொழில் தகராறுச் சட்டம் 1947-ல் வந்தது. தீர்ப்பாயம் 'மறுபடி வேலைக்கு எடு' என்று உத்தரவு போடலாமா என்ற கேள்வி 1949-ல் ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்தது (சுப்ரீம் கோர்ட் பிறப்பதற்கு முன்னால் இருந்த கோர்ட்). போடலாம் என்றார்கள். தொழில் அமைதிக்குத் தேவையென்றால் ஒப்பந்தத்தில் இல்லாததையும் தீர்ப்பாயம் கொடுக்கலாம் என்று சொன்ன அந்தத் தீர்ப்பு இல்லாமல் மத்த எதுவும் இல்லை.

ஆனால் ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கேள்வி வருமே. கம்பெனி விசாரணை வைத்து 'இவன் திருடன்' என்று முடிவு பண்ணிவிட்டது. தீர்ப்பாயம் அதை முதலில் இருந்து மறுபடி விசாரிக்கலாமா?

இதுக்குப் பதில் நம்ம சென்னையில் இருந்து போனது. பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில், நம்ம பி அண்ட் சி மில். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம், வாடியா, திரு.வி.க. என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அதே மில். 1950-ல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று ஒன்றை உருவாக்கினார்கள். ஆறே வருஷத்தில், 1956-ல், கலைத்தும் விட்டார்கள். ஆனால் இருந்த கொஞ்ச காலத்தில் பி அண்ட் சி மில் வழக்கு ஒன்றில், 1951-ல், கம்பெனியின் முடிவில் எப்போது கை வைக்கலாம் என்று நாலு சமயங்களைச் சொன்னது. நிர்வாகத்துக்கு நல்லெண்ணம் இல்லாதபோது. பழிவாங்கும்போது. இயற்கை நீதியை மிதித்தபோது, அல்லது அடிப்படையிலேயே தப்புப் பண்ணியபோது. கையில் இருக்கிற ஆதாரத்தை வைத்துப் பார்த்தால் முடிவு அடியோடு அபத்தமாக இருக்கும்போது. இந்த நாலையும் 1958-ல் இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் வழக்கில் சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கொண்டது. அதுக்கப்புறம் பதிமூணு வருஷம் நாடு முழுக்க இந்த நாலுதான் வேதம். நாலில் ஒண்ணும் இல்லையென்றால் தீர்ப்பாயம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தண்டனை ஜாஸ்தி என்று தோன்றினாலும் குறைக்க முடியாது.

அடுத்த அடுக்கு, தீர்ப்பாயத்துக்கு மேலே இருக்கிற ஐகோர்ட். இதுவும் நம்ம ஊர் பஸ் கதைதான், ஆச்சரியமாக. சென்னை - சிதம்பரம் ரூட் பர்மிட் யாருக்கு என்று ஒரு சண்டை சுப்ரீம் கோர்ட் போனது. 1963-ல் ஐந்து நீதிபதிகள் பெஞ்சில் கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு. ரிட் மனுவில் ஐகோர்ட் என்பது அப்பீல் கோர்ட் அல்ல. தீர்ப்பாயம் உண்மை நிலவரத்தைத் தப்பாகக் கணித்தது என்பதற்காக அதைத் திருத்த முடியாது. சட்டப் பிழை கண்ணுக்கு நேராகத் தெரிந்தால், அல்லது ஆதாரமே இல்லாமல் முடிவுக்கு வந்திருந்தால் மட்டும் தலையிடலாம். நம்ம பாஷையில் சொன்னால், கோடு ரிவ்யூ பண்ணலாம், நீயே உட்கார்ந்து மறுபடி எழுதக் கூடாது. தனியார் பஸ் முதலாளிகள் பர்மிட்டுக்குப் போட்ட சண்டையில் பிறந்த இந்த விதி, பின்னாடி எத்தனையோ கண்டக்டர்களின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

1965-ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதுவரை சங்கம் பின்னால் நின்றால்தான் ஒருத்தனின் டிஸ்மிஸ் 'தொழில் தகராறு' ஆகும். 2ஏ என்ற பிரிவு வந்தபிறகு தனி ஆளின் டிஸ்மிஸ்ஸும் தகராறுதான். 1971 டிசம்பர் 15-ல் இன்னொன்று, 11ஏ. இதுதான் பெரிய திருப்பம். ஆதாரத்தைத் தீர்ப்பாயமே எடைபோடலாம், குற்றம் நிரூபணமானாலும் தண்டனையைக் குறைக்கலாம் என்று சட்டமே சொல்லிவிட்டது. பைல்களில் இருப்பதை மட்டும் பார், புதுசாக ஆதாரம் சேர்க்காதே என்று ஒரு நிபந்தனை மட்டும். 1973-ல் ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை விளக்கியது. முன்னே கம்பெனிக்குத் திருப்தி என்றால் போதும், இனி தீர்ப்பாயத்துக்கும் திருப்தி ஆகணும். ஆனால் 11ஏ வருவதற்கு முன்னால் அனுப்பப்பட்ட தகராறுகளுக்கு இது பொருந்தாது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். 1971 நவம்பரில் கேஸ் போனவன் என்ன பாவம் பண்ணினானோ!

இப்போது மோசடி வழக்குகளின் தாய் வழக்கு. ஹரியானா, 1977. அரசு பஸ்ஸை பறக்கும் படை நிறுத்துகிறது. இறங்கிய பதினோரு பேரிடம் டிக்கெட் இல்லை, காசு கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். எழுதிக் கையெழுத்துப் போடுங்க என்றால் ஒருத்தரும் தயாரில்லை. போட மாட்டார்கள்தான். நம்ம ஊரிலும் அப்படித்தான். இறங்கிய இடத்தில் அவனவனுக்கு வேலை இருக்கும், எவன் கோர்ட்டுக்கு அலைவான்? கண்டக்டரை நீக்கினார்கள். அவர் சிவில் கோர்ட்டுக்குப் போனார். பதினோரு பயணிகளில் ஒருத்தரைக்கூட விசாரிக்கவில்லையே, அப்புறம் என்ன நிரூபணம் என்று கீழ் கோர்ட்டுகள் அவர் பக்கம் நின்றன.

சுப்ரீம் கோர்ட் புரட்டிப் போட்டது. எழுதியவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். ஆமாம், அவரேதான். 1957-ல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் மந்திரியாக இருந்தவர், தொழிலாளி பக்கம் சாய்பவர் என்று பெயர் வாங்கியவர். இலாகா விசாரணைக்கு சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகள் கிடையாது. நியாயமான தொடர்பும் நம்பகத்தன்மையும் இருந்தால் ஒருத்தர் சொல்லக் கேட்டதைக்கூட ஏற்கலாம். பறக்கும் படை இன்ஸ்பெக்டரின் வாக்குமூலம் இருக்கிறது, அது 'கொஞ்சம் ஆதாரம்'. கொஞ்சம் இருக்கிறதா, இல்லவே இல்லையா என்பதுதான் கோர்ட்டின் கேள்வி. போதுமா போதாதா என்பது கோர்ட்டின் வேலை இல்லை. சாராம்சம் அவ்வளவுதான். சின்னத் தீர்ப்பு, சில பக்கம்தான். இன்றைக்கும் நிர்வாகத் தரப்பு வக்கீல்கள் எடுத்துப்போடும் முதல் தீர்ப்புகளில் ஒன்று.

அதே கிருஷ்ணய்யர் இரண்டு வருஷம் கழித்து எழுதிய இன்னொரு தீர்ப்பைப் பார்த்தால் வேறு ஆள் மாதிரி இருக்கும். அதுக்கு முன்னால் 'நடுவர்' பத்திக் கொஞ்சம்.

தகராறை கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நடுவரை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று 1956 திருத்தத்தில் 10ஏ பிரிவு வந்தது. இந்த எண்ணத்தின் பெரிய ஆதரவாளர் வி.வி.கிரி. 1937-ல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் மந்திரியாக இருந்தவர். அப்புறம் மத்தியத் தொழிலாளர் மந்திரி. வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் கொடுத்த தீர்ப்பை அரசாங்கமே மாற்றியது பிடிக்காமல் 1954-ல் ராஜினாமா செய்தார். (மந்திரிகள் ராஜினாமா செய்யும் காரணங்களை இப்போது நினைத்துப் பார்க்கக் கூடாது.) பேசித் தீர், முடியாவிட்டால் நடுவர், கோர்ட் கடைசி என்பது அவர் கட்சி.

நடுவர் சொன்னால் அதுவே கடைசியா? 1962-ல் ஹிந்த் சைக்கிள்ஸ் வழக்கில், அவர் தீர்ப்பாயம் இல்லை, அதனால் நேராக சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் வர முடியாது என்றார்கள். 1975-ல் ரோதாஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், ஐகோர்ட்டுக்கு ரிட் போடலாம் என்றார்கள். 1979 நவம்பரில் குஜராத் ஸ்டீல் டியூப்ஸ். 1973-ல் ஸ்டிரைக் பண்ணியதற்காக 853 தொழிலாளிகளை கம்பெனி நீக்கியது. நடுவர் அது சரி என்றார். குஜராத் ஐகோர்ட் நடுவரின் தீர்ப்பைத் தூக்கிப்போட்டது. சுப்ரீம் கோர்ட்டில் கிருஷ்ணய்யரும் தேசாயும் ஐகோர்ட் செய்தது சரிதான் என்றார்கள், கோஷல் மாறுபட்டார். 11ஏ தருகிற அதிகாரம் நடுவருக்கும் உண்டு, அதை அவர் பயன்படுத்தாமல் விட்டால் ஐகோர்ட் அவர் இடத்தில் நின்று செய்யலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. பதினோரு பயணிகள் வழக்கில் 'உள்ளே போகாதே' என்றவர், இங்கே 'உள்ளே போய் வீட்டையே ஒழுங்குபண்ணு' என்கிறார். ஒன்று ஸ்டிரைக், இன்னொன்று காசு. கை நீட்டினான் என்று சந்தேகம் வந்துவிட்டால் சட்டத்தின் குரலே மாறிவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோதுதான்.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் 1960-ல் எஃகுத் தொழிலாளர் சங்க வழக்குகள் மூன்று ஒரே நாளில் தீர்ப்பானது. சங்கமும் கம்பெனியும் ஒப்புக்கொண்ட நடுவர் ஒப்பந்தத்துக்குள் நின்று சொல்லிவிட்டால், அது சரியா தப்பா என்று கோர்ட் எட்டிப்பார்க்காது. பிரிட்டனில் 1978 வாக்கில் ஒரு கடை ஊழியர் வழக்கில் வேறு மாதிரி அளவுகோல் வந்தது. ஊழியர் உண்மையில் ஏமாற்றினாரா என்பது கேள்வியே இல்லை. ஏமாற்றினார் என்று முதலாளி மனசார நம்பினாரா, அதற்கு நியாயமான காரணம் இருந்ததா, ஒழுங்காக விசாரித்தாரா என்பதே கேள்வி. நம்ம 'கொஞ்சம் ஆதாரம்' விதியும் இதுக்கு ஒண்ணுவிட்ட தம்பிதான்.

மறுபடி பதினேழரை ரூபாய். 2001 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் லேபர் கோர்ட்டுகளைக் கிட்டத்தட்ட திட்டியது. கண்டக்டர் என்பவர் கழகத்தின் காசை நம்பிக்கையின் பேரில் கையில் வைத்திருப்பவர், தெரிந்தே குறைத்துக் கொடுத்தால் அது பெரிய குற்றம், அங்கே இரக்கம் காட்டுவது இடம் தெரியாத இரக்கம் என்றது. அடுத்த சில வருஷங்களில் இன்னும் இரண்டு கர்நாடக வழக்குகள். ஒன்றில் பையில் கணக்கில் வராத 93 ரூபாய். இன்னொன்றில், 2006-ல், 360 ரூபாய் சொச்சம். இரண்டிலும் டிஸ்மிஸ்தான். தொகை முக்கியமில்லை, நம்பிக்கை போனதுதான் முக்கியம் என்பது தீர்ப்புகளின் அடிநாதம்.

தொகை முக்கியமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு ட்ரிப்பில் மாட்டியது பதினேழரை, மாட்டாத ட்ரிப்புகள் எத்தனையோ. ஆடலூர்க்காரனுக்கு இதில் சொந்த வலியும் உண்டு. வசூல் குறைந்தால் முதலில் வெட்டுவது மலை ட்ரிப்பைத்தான். கண்டக்டர் பாக்கெட்டுக்குப் போகிற காசு எங்கள் பஸ்ஸில் இருந்து போகிற காசு. ஆனால் 1977-ஐயும் 2001-ஐயும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஆதாரம் கொஞ்சம் இருந்தால் போதும். தொகை எவ்வளவு சின்னதானாலும் தண்டனை உச்சம்தான். ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமாகப் படுகிறது. இரண்டும் ஒருவன் தலையில் சேர்ந்து விழும்போது? 11ஏ கொடுத்த இரக்க அதிகாரம் மோசடி வழக்குகளில் ஏறக்குறைய வெறும் எழுத்தாகிவிட்டது. உச்சபட்ச தண்டனைதான் என்றால் ஆதாரத்தையாவது கொஞ்சம் கறாராகக் கேட்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அப்படிக் கேட்ட தீர்ப்புகளும் இல்லாமல் இல்லை. கோலார் தங்கவயல் கதை ஒன்று. அங்கே ஒரு பாதுகாப்பு அதிகாரி. 1985-ல் வீட்டில் ரெய்டு, 4.5 கிராம் தங்க உருண்டையும் ஒரு கிலோவுக்கு மேல் தங்கம் கலந்த மண்ணும் எடுத்ததாகச் சொல்லி சஸ்பெண்ட். சஸ்பென்ஷனில் தர வேண்டிய பிழைப்பூதியம் கொடுக்கவில்லை. அவர் இருந்தது கேரளாவில். விசாரணைக்கு வரக் கையில் காசில்லை. ஆள் இல்லாமலே விசாரித்து 1986-ல் டிஸ்மிஸ் பண்ணினார்கள். 1987-ல் கிரிமினல் கோர்ட், ரெய்டே நிரூபணமாகவில்லை என்று விடுதலை செய்தது. அதே ரெய்டு, அதே சாட்சிகள். 1999-ல்தான் சுப்ரீம் கோர்ட் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. பட்டினி போட்டு விட்டு விசாரணைக்கு வரவில்லை என்று சொல்வது நியாயமா என்று கேட்டது அந்தத் தீர்ப்பு. பன்னிரண்டு வருஷம்! அவர் அதிகாரி என்பதால் லேபர் கோர்ட் பக்கம் போகாமல் ரிட்டில் வந்த வழக்கு, இருந்தாலும் எல்லா டிஸ்மிஸ் வழக்கிலும் இதைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

இன்னொன்று 2008 டிசம்பர், பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் வழக்கு. டிராஃப்ட் புத்தகத்தைத் திருடினார் என்று குற்றச்சாட்டு. விசாரணையில் வங்கி வைத்தது போலீஸ் தாள்களையும், போலீஸிடம் சொன்னதாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தையும். எஃப்.ஐ.ஆர். தானாக ஆதாரம் ஆகாது, தாளைக் கொண்டுவந்து நீட்டினால் போதாது, யாராவது சாட்சி சொல்லி நிரூபிக்க வேண்டும், சந்தேகம் எவ்வளவு பலமானாலும் நிரூபணத்துக்குப் பதிலாகாது என்றது கோர்ட். 'கொஞ்சம் ஆதாரம்' என்றால் ஆதாரமாகவாவது இருக்கணும் என்று இதை நான் புரிந்துகொண்டேன்.

தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகங்களில் இன்னொரு கேடயம் இருந்தது, 33(2)(பி). ஏதாவது தொழில் தகராறு நிலுவையில் இருக்கும்போது அதில் சம்பந்தப்பட்ட தொழிலாளியை நீக்கினால், ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அந்தத் தகராறை விசாரிக்கும் அதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். நம்ம கழகம் ஒன்றின் கும்பகோணம் வழக்கில், ஒப்புதல் மறுக்கப்பட்டும் ஆளைச் சேர்க்காமல் இழுத்தடித்தார்கள். ஒப்புதல் இல்லையென்றால் அவர் வேலையில் தொடர்வதாகத்தான் அர்த்தம் என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2002-ல் அரசியல் சாசன பெஞ்சும் இதையே உறுதி செய்தது. பெரியப்பா இதை 'அப்ரூவல் கேஸ்' என்று ஒரு தனி மரியாதையோடு சொல்வார். "அப்ரூவல்ல ஜெயிச்சாத்தான்டா ஜெயிச்ச மாதிரி. லேபர் கோர்ட்ல ஜெயிச்சா அவன் மேல போயிருவான்."

மேலே போவதுதான் உண்மையான தண்டனை. லேபர் கோர்ட்டில் ஜெயித்தவனை நிர்வாகம் ஐகோர்ட்டுக்கு இழுக்கும். தடை வாங்கும். அதுவரை சோற்றுக்கு? இதற்காகத்தான் 1982 திருத்தத்தில் 17பி வந்தது, நடைமுறைக்கு வந்தது 1984-ல். மேல் கோர்ட்டில் வழக்கு நடக்கும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டிரு, வேறு வேலையில் இருந்தால் வேண்டாம் என்கிறது. தமிழ்நாடு 1988-ல் தனியாக ஒரு திருத்தம் செய்து, சமரசப் பேச்சு தோற்றால் அரசாங்கம் அனுப்பி வைக்கும் என்று காத்திருக்காமல் தொழிலாளியே நேராக லேபர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றது. மத்திய அரசுக்கு அந்த யோசனை வர 2010 ஆனது. இதில் நாம கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் தூரம். 2004 ஜூலை 24-ல் மதுரையில் ஐகோர்ட் கிளை திறக்கும் வரைக்கும், திண்டுக்கல் மாவட்டத்துக்காரன் ரிட் என்றால் சென்னைக்குத்தான் ஓடணும். ஆடலூரில் இருந்து முதல் பஸ் பிடித்து மலை இறங்கி, திண்டுக்கல்லில் ராத்திரி ரயில் ஏறி, வாய்தா தள்ளிப்போச்சு என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவதற்கு மூணு நாள். வேலை இல்லாதவனுக்கு அந்த டிக்கெட் காசே பெரிய காசு.

இந்தச் சட்டத்தின் ஆயுசும் முடிந்தது. 1947 சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. லேபர் கோர்ட் என்ற பெயரே இதில் இல்லை. நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் நிர்வாக உறுப்பினர் ஒருவரும் உட்காரும் தொழில் தீர்ப்பாயம்தான். டிஸ்மிஸ் ஆனவன் நேராக அங்கே போக முன்னே மூணு வருஷ அவகாசம், இதில் இரண்டு வருஷம். தண்டனையைக் குறைக்கும் 11ஏ அதிகாரம் வேறு எண்ணில் புதுத் தொகுப்பிலும் இருக்கிறது. நடுவரும் இருக்கிறார்.

பெரியப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். "லேபர் கோர்ட்டே இல்லையா?" என்று ரெண்டு தடவை கேட்டார். அப்புறம், "அப்ரூவல் இருக்கா?" என்றார். அதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். தொகுப்பைக் கரைத்துக் குடித்த வக்கீல் நண்பர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் பின்னூட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், அவரிடம் சொல்ல வேண்டும்.